காண்டும் பல்கேரியாவும் சட்டப் பேராசிரியர்களின் வலைப்பதிவுகளும்

2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், நீதிபதிகள் மாநாடு ஒன்றில் பேசும்போது, சட்ட ஆய்விதழ் எதையாவது எடுத்துப் பிரித்தால் பதினெட்டாம் நூற்றாண்டுப் பல்கேரியாவின் சாட்சிய முறைகளில் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்டின் தாக்கம் என்பது போன்ற கட்டுரைதான் முதலில் இருக்கும் என்று கேலி செய்தார். பேராசிரியர்கள் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஆரின் கெர் என்ற சட்டப் பேராசிரியர் அதே தலைப்பில் ஒரு சிறு கட்டுரையை எழுதி, 'கிரீன் பேக்' என்ற சட்டக் காலாண்டிதழில் வெளியிட்டார். அந்த நூற்றாண்டில் பல்கேரியா உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே காண்டின் தாக்கம் அநேகமாக ஏதும் இருந்திருக்காது என்பதே அவர் கண்ட முடிவு.

இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். கெர் ஒரு முன்னோடி வலைப்பதிவர் என்பதையும், வலைப்பதிவு ஆய்வாகாது என்று பதிவர்களின் கூட்டத்திலேயே எழுந்து வாதிட்டவர் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையடையும்.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் வலைப்பதிவில் இறங்கியது 2001, 2002-ஆம் ஆண்டுகளில். டென்னசி பல்கலைக்கழகத்தின் கிளென் ரெனால்ட்ஸ் 2001 ஆகஸ்டில் 'இன்ஸ்டாபண்டிட்' தளத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு யூஜின் வோலோக் தொடங்கிய கூட்டு வலைப்பதிவு 'வோலோக் கான்ஸ்பிரசி' என்ற பெயரில் நிலைபெற்றது. கெர் எழுதியதும் அதில்தான். யேல் பல்கலைக்கழகத்தின் ஜாக் பால்கின் 2003 ஜனவரியில் 'பால்கினைசேஷன்' தொடங்கினார். 2004 டிசம்பரில், பணியிலிருந்த கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னரே, நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கேரி பெக்கருடன் சேர்ந்து பதிவெழுத வந்துவிட்டார். நீதிபதி ஒருவர் அன்றாடப் பொருள்களில் வெளிப்படையாகக் கருத்தெழுதுவது நம் ஊரில் எத்தனை புருவங்களை உயர்த்தியிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இவர்களுடைய எழுத்து ஆய்வாகுமா என்று கேட்பதற்கு முன்னால், ஆய்வென்று ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்து அங்கே எப்படி அச்சேறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மருத்துவத்திலும் இயற்பியலிலும் ஒரு கட்டுரையை அதே துறையில் ஊறிய இருவர் மூவர் படித்து, ஏற்கலாம் அல்லது தள்ளலாம் என்பார்கள். 1887-இல் தொடங்கிய ஹார்வர்டு சட்ட ஆய்விதழ் முதல் பெரும்பாலான அமெரிக்கச் சட்ட ஆய்விதழ்களை நடத்துகிறவர்களோ சட்ட மாணவர்கள். எந்தக் கட்டுரையை ஏற்பது என்று முடிவெடுப்பவரும், ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு கேட்பவரும் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இளைஞர்களே. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம். ஓர் இதழ் ஏற்றுக்கொண்டால் அதைக் காட்டி அதைவிடப் பெயர்பெற்ற இதழை அவசரப்படுத்தவும் செய்யலாம். ஏறக்குறைய கல்யாணத் தரகு. யேலில் பேராசிரியராக இருந்த ஃபிரெட் ரோடெல் 1936-லேயே, சட்ட எழுத்தில் இரண்டு குறைகள் உண்டு, ஒன்று நடை, மற்றொன்று உள்ளடக்கம் என்று எழுதிவிட்டு, இனி இந்த இதழ்களுக்கு எழுதுவதில்லை என்று விடைபெற்றார். ஆகவே வலைப்பதிவின் எதிர்ப்புறத்தில் மாசுமருவற்ற தராசு ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு வாதத்தைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

2006 ஏப்ரலில் ஹார்வர்டின் பெர்க்மன் மையத்தில் இந்தப் பொருளுக்கென்றே ஒரு கருத்தரங்கம் நடந்தது. வரிச்சட்டப் பேராசிரியரும் பதிவருமான பால் கேரன் முன்னின்று கூட்டியது. கருத்தரங்கக் கட்டுரைகள் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழில் அச்சேறின என்பது ஒரு வேடிக்கை: வலைப்பதிவு ஆய்வா என்ற விவாதமே அடிக்குறிப்புகளோடு அச்சில் வந்த பிறகுதான் ஆய்வாயிற்று. லாரன்ஸ் சோலம், கல்வியுலகமே குறுகிய வடிவங்களையும் கட்டணமில்லாத வாசிப்பையும் இடைத்தரகரில்லாத வெளியீட்டையும் நோக்கி நகர்கிறது, வலைப்பதிவு அந்தப் பெருநகர்வின் ஒரு கிளை மட்டுமே என்றார். கேட் லிட்வாக், வலைப்பதிவு என்பது அலுவலகத் தண்ணீர்க் குழாயடியில் நடக்கும் அரட்டை, ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்திய அரட்டை என்றார். டீக்கடை பெஞ்சை அறிந்த நமக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

இவர்களில் கெர் சொன்னதே என் மனத்தில் தங்கியது. பதிவு எழுதுகிறவருடைய அறிவையோ நேர்மையையோ அவர் குறை சொல்லவில்லை. வடிவத்தைக் குறை சொன்னார். வலைப்பதிவில் புதியது மேலே வரும், பழையது கீழே போகும். நேற்று எழுதியதை இன்று எழுதியது அமுக்கிவிடும். எவ்வளவு ஆழமான பதிவானாலும் சில நாள்களில் பார்வையிலிருந்து மறைந்துவிடும் என்பதால், எழுதுகிறவரும் சில நாள்கள் உயிர்வாழப் போகும் எழுத்தையே எழுதப் பழகிவிடுகிறார். ஆய்வு என்பது பத்தாண்டு கழித்து வரும் ஒருவர் தேடிக் கண்டெடுத்து மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கொண்டால், கெர் சரியான இடத்தில்தான் கைவைத்தார்.

ஆனால் சட்டத்தில் பத்தாண்டு காத்திருக்க முடியாத கேள்விகள் உண்டு. 2004 ஜூன் 24 அன்று 'பிளேக்லி எதிர் வாஷிங்டன்' வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனையை விதிப்படியான உச்ச அளவுக்கு மேலே கூட்டுவதற்கான உண்மைகளை, குற்றம் சாட்டப்பட்டவர் தாமே ஒப்புக்கொண்டாலன்றி, ஜூரிகள்தான் உறுதிசெய்ய வேண்டும், நீதிபதி தாமாக முடிவுசெய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வாஷிங்டன் மாநிலத்தின் முறையைப் பற்றியது. ஆனால் எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்று நீதிபதிகளுக்கு வரையறுத்த, 1987 முதல் நடைமுறையிலிருந்த கூட்டாட்சித் தண்டனை வழிகாட்டு நெறிகளும் ஏறக்குறைய அதே அச்சில் வார்க்கப்பட்டவை. மறுநாள் காலை நாடெங்கும் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை விதிக்க வேண்டிய நீதிபதிகளுக்கு நெறிகள் செல்லுமா செல்லாதா என்றே தெரியவில்லை. ஒரு நீதிபதி செல்லாது என்பார். பக்கத்து மாவட்டத்தில் செல்லும் என்பார்கள். அந்த ஆண்டில்தான் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பெர்மன் தண்டனைச் சட்டத்துக்கென்று ஒரு வலைப்பதிவைத் தொடங்கியிருந்தார். கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளையும் அரசின் குறிப்பாணைகளையும் கிடைக்கக் கிடைக்க ஏற்றி, எது எதோடு முரண்படுகிறது என்று அன்றன்றைக்கே எழுதினார். வழக்கறிஞர்களும் நீதிபதிகளின் உதவியாளர்களும் காலையில் திறந்து பார்க்கும் பக்கமாயிற்று அது. 2005 ஜனவரி 12 அன்று 'புக்கர்' வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிகளைக் கட்டாயமற்ற வெறும் ஆலோசனையாக மாற்றியபோது, நீதியரசர் ஸ்டீவன்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் பெர்மனின் வலைப்பதிவைச் சுட்டினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வலைப்பதிவைச் சுட்டியது அதுவே முதல்முறை என்பார்கள்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே ஆறரை மாதம். ஒரு கட்டுரையை எழுதி, அனுப்பி, மாணவர் குழு ஏற்று, அடிக்குறிப்புகளைச் சரிபார்த்து அச்சிட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதாவது, பிளேக்லிக்கும் புக்கருக்கும் நடுவில் சட்டம் என்னவாக இருந்தது என்பதை வழக்கமான ஆய்விதழ் எழுதி முடிக்கும்போது அந்தச் சட்டமே இருக்காது. பெர்மன் செய்த வேலையைக் கட்டுரையின் வரைவு என்றோ சுருக்கம் என்றோ சொல்வது பொருந்தாது. கட்டுரையால் செய்யவே முடியாத வேலை அது.

வேகம் பிழை திருத்தவும் உதவும். 2008 ஜூன் 25 அன்று 'கென்னடி எதிர் லூசியானா' வழக்கில், உயிர் போகாத குழந்தைப் பாலியல் வல்லுறவுக் குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனை சட்டங்கள் அத்தகைய தண்டனையை அனுமதிக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, கூட்டாட்சிச் சட்டத்தில் அது இல்லை என்றும் சொன்னது. ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தின் பகுதியான ராணுவச் சட்டத்தில் அது 2006-லேயே சேர்க்கப்பட்டிருந்தது. வழக்காடிய இரு தரப்பும் அதைக் கவனிக்கவில்லை, அரசும் கவனிக்கவில்லை, ஒன்பது நீதியரசர்களும் கவனிக்கவில்லை. மூன்று நாளில் அதைச் சுட்டிக்காட்டியது ராணுவச் சட்ட வழக்கறிஞர் ஒருவர் எழுதிய வலைப்பதிவு. தீர்ப்பின் முடிவு மாறவில்லை. ஆனால் அந்தப் பிழை அடுத்த தலைமுறைப் பாடநூலில் உண்மையாகப் பதிவாகாமல் தப்பியது.

பேராசிரியர் எங்கே முடிகிறார், வழக்கறிஞர் எங்கே தொடங்குகிறார் என்பதுதான் எனக்கு நெருடலான இடம். 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு வாங்காதவர் பணம் கட்ட வேண்டும் என்றது. வணிகத்தில் ஈடுபடுவோரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒழுங்குபடுத்தலாம், எதிலும் ஈடுபடாமல் சும்மா இருப்பவரை வணிகத்துக்குள் இழுத்துவர முடியாது என்ற வாதத்தை ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ராண்டி பார்னெட்டும் அவருடைய தோழர்களும் வோலோக் தளத்தில் பதிவுக்குப் பதிவு தீட்டினார்கள். முதலில் சட்டப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பார்னெட் பின்னர் வழக்குத் தொடுத்த தரப்பின் வழக்கறிஞர்களில் ஒருவராகவும் ஆனார். 2012 ஜூன் 28 அன்று ஐந்து நீதியரசர்கள் அந்த வணிக வாதத்தை ஏற்றார்கள். ஆனாலும், கட்ட வேண்டிய பணத்தை வரியாகக் கொள்ளலாம் என்று ராபர்ட்ஸ் சட்டத்தைக் காப்பாற்றினார். வரி என்ற அந்த வாதத்தை விடாமல் வற்புறுத்தி வந்தவர்களில் ஒருவர் ஜாக் பால்கின். இரண்டு வலைப்பதிவு முகாம்களும் ஆளுக்குப் பாதி வென்றன. இதை ஆய்வின் வெற்றி என்பதா, வக்காலத்தின் வெற்றி என்பதா? ஆய்விதழ்களிலும் கட்சி சார்ந்த எழுத்து உண்டுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் எதிரணிக்குப் பதில் சொல்லி எழுதுகிறவர், தம் வாதம் தோற்கும் இடத்தைத் தாமே காட்டும் பழக்கத்தை மெல்ல இழந்துவிடுகிறார் என்று எனக்குப் படுகிறது. என் சொந்தப் பதிவுகளிலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் இது இன்னும் சுருக்கமாக நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் வாக்கெடுப்பு 2016 ஜூன் 23 அன்று நடந்தது. நான்கே நாளில் நிக் பார்பர், டாம் ஹிக்மன், ஜெஃப் கிங் ஆகிய சட்ட அறிஞர்கள் மூவர், நாடாளுமன்றத்தின் ஒப்புதலில்லாமல் பிரதமர் வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்க முடியாது என்று அரசமைப்புச் சட்டச் சங்கத்தின் வலைப்பதிவில் எழுதினார்கள். 2017 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 'மில்லர்' வழக்கில் எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதே முடிவுக்கு வந்தது.

நம் நாட்டில் நினைவுக்கு வருபவர் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர். அவர் 2005-இல் தொடங்கிய 'ஸ்பைசிஐபி' வலைப்பதிவு இந்திய அறிவுசார் சொத்துரிமைச் சட்டத்தை வழக்கறிஞர் அறைகளிலிருந்து வெளியே கொண்டுவந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 2006-இல் நிராகரிக்கப்பட்டது முதல் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது வரை, ஏற்கெனவே அறிந்த மருந்துப் பொருளின் புது வடிவத்துக்கு, அதன் பலன் கூடினாலன்றிக் காப்புரிமை தராத, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைப் பற்றி அந்தத் தளத்தில் நடந்த விவாதத்தைப் படித்துத்தான் என்னைப் போன்ற பலர் அந்தப் பிரிவையே புரிந்துகொண்டோம். உச்ச நீதிமன்றத்தில் பஷீர் எந்தக் கட்சிக்காரருக்காகவும் அல்லாமல் கல்வியாளராகவே இடையீடு செய்து வாதிட்டார். 2019-இல் மறைந்த அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளும் உண்டு. ஆனால் அவரை நினைப்பவர்கள் முதலில் சொல்வது வலைப்பதிவைத்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட இதழில் வெளியான கட்டுரைக்கு எங்கள் துறையில் பத்து மதிப்பெண். இணையவழிப் பாடம் தயாரித்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு. வலைப்பதிவுக்குக் கட்டமே இல்லை. ஒருமுறை தன்மதிப்பீட்டுப் படிவத்தில் 'பிற' என்ற இடத்தில் என் பதிவுகளின் எண்ணிக்கையை எழுதி வைத்தேன். நேர்காணல் குழுவில் இருந்த ஒருவர் அதை வாசித்துவிட்டு, "பொழுதுபோக்கா, சார்?" என்று மரியாதையாகவே கேட்டார். அன்று கோபம் வந்தது. பின்னர் யோசித்தபோது, மதிப்பெண் கிடைத்திருந்தால் பணம் வாங்கிக்கொண்டு பதிவு வெளியிடும் தளங்கள் மறு மாதமே முளைத்திருக்கும் என்று தோன்றியது. கட்டுரைகளுக்கு நேர்ந்ததைக் கண்ணெதிரே பார்த்தவர்கள்தானே நாம்.

எனவே மதிப்பெண் கேட்டுப் போராட எனக்கு விருப்பமில்லை. என் கவலை கெர் சொன்ன இடத்திற்கே திரும்புகிறது: பாதுகாப்பு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு சரிபார்த்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, சுட்டிய தகவலைக் காட்டவில்லை. அவர்கள் பார்த்த சட்ட ஆய்விதழ்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல். அச்சிட்ட தொகுதியைக் கறையான் அரிக்க ஐம்பது ஆண்டு ஆகும். இணைய முகவரிக்கு ஒரு நிறுவனத்தின் ஒரு முடிவு போதும். 2025 ஆகஸ்ட் இறுதியில் டைப்பேட் என்ற வலைப்பதிவுச் சேவை, செப்டம்பர் 30 அன்று மூடப் போவதாக அறிவித்தது. பதிவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாத அவகாசம். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்களின் புகழ்பெற்ற வலைப்பதிவுகள் பல தொடக்கத்திலிருந்தே குடியிருந்த இடம் அது. ஸ்டீவன்ஸ் சுட்டிய பெர்மனின் வலைப்பதிவும் அங்கேதான் பிறந்தது.

அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில், பாடம் நடத்த நான் பயன்படுத்திவந்த பதிவுகளைத் தேடித் தேடிச் சேமித்தேன். மொத்தம் அறுபது சொச்சம். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கினேன். அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். 'சட்ட ஆய்விதழ், தொகுதி 1' என்று எழுதச் சொன்னேன்.