ஏசி அறையில் தூசி எங்கிருந்து வருகிறது?

"ஏசி மாட்டினதிலிருந்து ரூம்ல தூசி ஜாஸ்தியாயிருச்சு" என்று காரைக்குடிப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. எங்கள் வீட்டிலும் அப்பத்தா இதையே சொல்கிறார். அப்பாவுக்கு வீசிங் இருப்பதால் இந்த விஷயத்தை நான் லேசில் விடுவதில்லை.

முதலில் ஒன்று. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் போவது கேஸ் குழாயும் வயரும்தான். அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. அப்படியென்றால் தூசி? அது நம் அறையிலேயே இருக்கிறது. மெத்தை, போர்வை, உடுத்தும் துணியிலிருந்து உதிரும் நூல் துணுக்கு, நம் உடம்புத் தோல், கை வைத்தால் ஒட்டும் சுண்ணாம்பு. போதாததற்கு நம் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு வேறு. அறைக் கதவெல்லாம் வளவு என்கிற உள்கூடத்தைப் பார்த்துத் திறக்கும், வளவுக்கு நடுவே முற்றம், அது வானம் பார்த்தது. ஆடிக் காற்றில் செம்மண் புழுதி அந்த வழியாக இறங்கி, பழைய தேக்குக் கதவின் அடி இடுக்கில் நுழைந்து அறைக்குள் வந்துவிடும். கதவடியில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டினாலே பாதித் தொல்லை குறையும்.

சரி, ஏசிக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. முன்மூடியைத் தூக்கினால் ஒரு வலை இருக்கும், அதுதான் ஃபில்டர். நூலையும் பெரிய தூசியையும் அது பிடித்துக்கொள்ளும், நுண்ணிய தூசியை அவ்வளவாகப் பிடிக்காது. தினமும் ஓடுகிற கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதை நாமே கழற்றிக் குழாயடியில் கழுவலாம், வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். விட்டுவிட்டால் வலை கம்பளி மாதிரி மூடிக்கொண்டு காற்று குறையும், காற்றைக் குளிரவைக்கும் காயிலில் ஐஸ் கட்டும், கரண்டும் கூடச் செலவாகும்.

ஆனால் பலர் பார்க்காத இடம் புளோயர், அதாவது காற்றை வெளியே தள்ளும் விசிறி. காற்று வெளியே வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், நீளமான உருளையில் வரிசையாக மெல்லிய தகடுகள் தெரியும். ஃபில்டரைத் தப்பிய நுண்தூசி ஈரக் காயிலைத் தாண்டி அந்தத் தகடுகளில் படிந்து, ஈரம் இருப்பதால் பூஞ்சையும் சேர்ந்து, கறுப்பாகக் கெட்டித்துவிடும். போட்டவுடன் வரும் புழுங்கல் வாடையும், வெள்ளைத் தலையணை உறையில் விழும் கறுப்புத் துணுக்கும் பெரும்பாலும் இதனால்தான். வலையை மட்டும் கழுவினால் இது போகாது. மாசிக் கடைசியில், வெயில் ஏறுமுன், மெக்கானிக்கை அழைத்து ஜெட் பம்பில் தண்ணீர் சர்வீஸ் செய்யச் சொல்ல வேண்டும். "மேலோட்டமா பார்த்தாச்சுண்ணே, நல்லாத்தான் இருக்கு" என்று ஃபில்டரைத் தட்டிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். புளோயரையும் கழுவச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அறையைப் பெருக்கும்போது ஏசியும் ஃபேனும் ஓடக் கூடாது. விளக்குமாறு கிளப்பும் தூசியை அப்படியே இழுத்துக்கொண்டு சுழற்றும். முதலில் ஃபேன் இறக்கை, அப்புறம் அலமாரி மேல்தட்டு, கடைசியில் தரை. ஆத்தங்குடிக் கல் போட்ட தரையென்றால் ஈரத்துணியே போதும், ஆசிட் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று, சர்வீஸ் முடிந்ததும் உள்ளே தண்ணீர் சேரும் தட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லி, வெளியே டிரெய்ன் குழாயில் அது தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் குழாயில் அழுக்கு அடைத்திருக்கிறது, அதையும் ஊதி எடுத்த பிறகே காசு கொடுங்கள்.