அம்மாவுக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று

2024 ஜூன் 3, மதுரை

காலையில் அம்மா வார இதழை மடித்து வைத்துவிட்டு, "எழுத்து இருக்குடி, நடுவுலதான் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு" என்றார். விசாரித்தால் ஆறு மாதமாகவே இப்படித்தானாம். சாயங்காலம் டாக்டரிடம் போனோம். விழித்திரையின் நடுவில் இருக்கும் மாகுலா வயதால் தேய்கிறது என்றார். ஓரப்பார்வை நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் அடுக்களையில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடமாடுகிறார். முகமும் எழுத்தும்தான் பிடிபடவில்லை. தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்துப் படித்தவர். எனக்கு அன்று இரவு தூக்கமில்லை.

ஜூன் 6

கைலென்ஸ் ஒத்துவரவில்லை. கை நடுங்கும்போது வரியும் நடுங்குகிறது. பக்கத்தின் மேலேயே உட்காரும், உள்ளே விளக்குள்ள லென்ஸ் பரவாயில்லை. ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு சொல்தான் தெரிகிறது.

ஜூன் 11

இன்று முழுக்க ஜெராக்ஸ் கடைதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, நாமே அச்சடித்துக்கொள்ளலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இப்படி எத்தனையோ நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு சிறுகதையை எடுத்து 16, 18, 22, 26 பாயிண்ட் எழுத்தளவில் ஒவ்வொரு பக்கம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆங்கிலத்தில் 18 பாயிண்ட் இருந்தால் பெரிய எழுத்துப் புத்தகம் என்பார்கள். அம்மாவுக்குத் தமிழில் அது போதவில்லை. 'கண்' என்பதை 'கண' என்று படித்தார். முதலில் காணாமல் போவது மெய்யின் புள்ளிதான். அடுத்தது கால்: 'ர' எது, கால் எது என்று பிரிக்க முடியவில்லை. எழுத்தை நல்ல தடிமனாக்கிப் பார்த்தேன். 'ணை' சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு மைப்பொட்டாகிவிட்டது. கடைசியில் 22 பாயிண்ட், நடுத்தரத் தடிமன், வரிக்கு வரி ஒன்றரை மடங்கு இடைவெளி. வலது ஓரத்தை நேராக்கவில்லை. நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஏறுமாறாக இடைவெளி விழுந்து கண் தவறிவிடுகிறது. வரிக்கு நாலைந்து சொல்தான். அந்த 8 பக்கக் கதை 27 பக்கமாகிவிட்டது.

காகிதமும் முக்கியம். பளபளப்புத் தாள் விளக்கு வெளிச்சத்தை அப்படியே கண்ணில் அடிக்கிறது. 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் பின்பக்கத்து எழுத்து நிழலாடுகிறது. 100 ஜிஎஸ்எம், லேசான மஞ்சள் நிறம். மடியில் விரித்துப் படுக்கவைக்க ஸ்பைரல் பைண்டிங்.

ஜூன் 12

கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். அதை இறக்கி இறக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓரப்பார்வையால் அம்மா ஒரு முழுப் பக்கம் படித்தார். இருபது நிமிடம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 22

கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வந்தோம். தரைத்தளத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு; அம்மாவுக்குப் படியேறும் வேலை மிச்சம். வரும் வழியில் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக நூலை வேறு வடிவில் மாற்றிக்கொள்ள வழி செய்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நூல்கள் கிடைக்க வழி செய்யும் உலக நாடுகளின் மராகேஷ் ஒப்பந்தத்துக்கு 2014-இல் ஒப்புதல் தந்த முதல் நாடும் இந்தியாதான். இவ்வளவு இருந்தும் புத்தகக் கடையில் பெரிய எழுத்துத் தமிழ் நாவல் கேட்டால் குழந்தைகள் அலமாரியைக் காட்டுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. வயதானவர்கள் படிக்க விரும்புவது பெரியவர்களின் கதையை.

ஜூலை 2

பெரியம்மா நம் வீட்டோடு வந்துவிட்டார். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர். கண் நன்றாக இருக்கிறது, மறதிதான். சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பிடக் கேட்கிறார். உறவுக்காரர் ஒருவர் அணிலும் ஆப்பிளுமாக ஒரு படப்புத்தகம் வாங்கிவந்தார். பெரியம்மா நாலு பக்கம் புரட்டிவிட்டு, "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க" என்று மூடி வைத்தார். முகம் சுருங்கிவிட்டது.

ஜூலை 9

அவருக்காக ஒரு புத்தகம் செய்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரே படம், இரண்டு வரி. எதிர்ப்பக்கம் வெறுமை. அம்மிக்கல், திருப்பரங்குன்றம், வைகையில் இறங்கும் அழகர். வரிகள் அந்தந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும், முந்தின பக்கத்தை நினைவில் வைக்கத் தேவையில்லை. "ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்பதில்லை. அது பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. "இந்த அம்மி நல்லா கொத்தி வெச்சிருக்கு, இல்ல பெரியம்மா?" என்றேன். தேங்காய்ச் சட்னியில் ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். கடைசிப் பக்கத்தில் அவர் பள்ளியில் நடத்திய மனப்பாடச் செய்யுள் ஒன்று. முதல் வரியைத்தான் பார்த்தார். மீதியைப் பார்க்காமலே ராகத்தோடு சொன்னார்.

ஜூலை 10

மறுபடியும் அதே புத்தகம், அதே சந்தோஷம்.

ஜூலை 17

கைப்பேசி படிக்கும் குரலை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மூச்சு விடாமல் ஓடுகிறதாம்.

ஜூலை 21

மத்தியானம் கூடத்தில் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தேன். அம்மாவின் 22 பாயிண்ட் கதையைப் பெரியம்மா மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி உரக்கப் படிக்கிறார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். பக்கம் முடிந்ததும் பெரியம்மா திரும்பவும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

"அது ஆச்சுக்கா. அடுத்த பக்கம் திருப்பு."

திருப்பினார். நாலு பக்கம் போனதும், "யாருடி இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். அம்மா கதையை முதலிலிருந்து சொன்னார். அப்புறம் மறுபடி வாசிப்பு.

ஜூலை 22

பழைய தொடர்கதைகளில் ஒவ்வொரு வாரமும் முன்கதைச் சுருக்கம் போடுவார்களே, அதுபோல ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு வரி போட்டால் பெரியம்மாவுக்குச் சுலபமாக இருக்கும் என்று அம்மாதான் சொன்னார். ராத்திரி சாப்பாடு ஆனதும் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். அம்மா சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது பக்கம் வரை வந்திருக்கிறோம்.