மயக்க மருத்துவரின் தவக் குறிப்பேடு

அறுவை அரங்கில் மயக்க மருத்துவராகப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், குறை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத வாழ்க்கையில் மகிழ்ச்சி மட்டும் ஏன் நிலைக்க மறுக்கிறது என்ற கேள்வி விடாமல் அரித்ததால், எங்கள் ஊர் மனவளக்கலை மன்றத்தில் சேர்ந்தேன். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி வகுத்த முறை இது. எளிய உடற்பயிற்சி, தவம் எனப்படும் தியானம், உயிராற்றலைப் பேணும் பயிற்சியான காயகல்பம், தன்னைத் தானே ஆராயும் அகத்தாய்வு ஆகியவை இதன் பகுதிகள். உடற்பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மகராசனம் என் முதுகுக்கு நல்லது செய்திருக்கிறது. காயகல்பத்தை இன்னும் தொடவில்லை.

தீட்சையின்போது ஆசிரியர் புருவங்களுக்கு நடுவே விரலால் தொட்டார். விரலை எடுத்த பிறகும் அங்கே ஒரு குறுகுறுப்பும், அதைத் தொடர்ந்து மெல்லிய அழுத்தமும் இருந்தன. கவனத்தை உடலின் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கே உணர்வு கூர்மையாகும் என்பதுதான் மருத்துவனாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட விளக்கம். அந்த விளக்கம் பயிற்சிக்கு இடைஞ்சலாக இல்லை. அழுத்தம் தலையில் கனமாகத் தங்கிவிட்டால், சாந்தி தவத்தில் கவனத்தை முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதுவும் பலன் தந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? வீட்டில் நாடித்துடிப்பைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு தவத்தில் அமர்ந்து, முன்னும் பின்னும் பார்த்தேன். எழுபதுகளில் இருந்த நாடித்துடிப்பு அறுபதை ஒட்டி இறங்கியிருந்தது. மூச்சை நீட்டி வெளிவிடும்போது, இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயம் நிதானமடையும் என்பது பாடநூல் செய்தி. ஆகவே இதில் எனக்கு வியப்பில்லை. கிடைத்தது நல்ல ஓய்வு. மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல மாட்டேன்.

தவத்தில் மன அலைச்சுழல், அதாவது மன அலைகளின் வேகம், பீட்டாவிலிருந்து ஆல்ஃபா, தீட்டா, டெல்டா என்று படிப்படியாகக் குறையும் என்று வகுப்பில் கற்பிக்கிறார்கள். வெண்ணிற மயக்க மருந்தான புரோபோஃபால் நரம்பில் ஏறி ஒரு நிமிடம் ஆவதற்குள் நோயாளியின் நினைவு போய்விடும். அப்போது மூளை அலைப்பதிவில் டெல்டா அலைகள் தாராளமாகத் தெரியும். அலை குறைவது மட்டுமே ஞானம் என்றால் என் நோயாளிகள் எல்லோரும் ஞானிகளாகத்தான் கண் விழித்திருக்க வேண்டும். இந்தச் சந்தேகத்தை ஒருபுறம் வைத்துவிட்டுத்தான் அகத்தாய்வுக்குள் நுழைந்தேன். எனக்கு உண்மையில் உதவியது அந்தப் பகுதியே.

அதன் முதல் படி எண்ணம் ஆராய்தல். அமைதியாக அமர்ந்து, எழும் எண்ணங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல், பெற்றோர் வழி வந்த பதிவான கருவமைப்பு, தெய்வீகம் என்னும் ஆறு காரணங்களில் எதனால் எழுந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு மாலை, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தவரை நிம்மதியாக இருந்த நான், அது நின்ற கணத்தில் திடுக்கிட்டுக் கண் திறந்தேன். அரங்கில் மானிட்டரின் ஒலி நின்றால் தலை நிமிர வேண்டும் என்று பழகிய உடம்பு, வீட்டிலும் அதையே செய்கிறது. 'பழக்கம்' என்ற தலைப்பின் கீழ் அதை எழுதினேன். அந்தப் பத்தி மற்றவற்றைவிட விரைவாக நிரம்பியது.

அடுத்தது ஆசை சீரமைத்தல். புதிய கார், கடன் இல்லாத வீடு போன்றவற்றை எழுதி முடித்த பின், 'நோயாளிகள் என்னை நினைவில் வைத்திருக்க வேண்டும்' என்று பேனா தானாகவே எழுதியது. குணமானவர்கள் அறுவை மருத்துவருக்கு இனிப்பு கொண்டுவருவார்கள். மயக்கம் கொடுத்தவர் யாரென்று கேட்கக்கூட மாட்டார்கள். இதில் அவர்கள் மேல் குறை சொல்ல இடமில்லை, ஏனெனில் பதற்றம் தணிய நான் ஏற்றும் மிடசோலமே அதன் பிறகு நடப்பவற்றை மனத்தில் பதியவிடாமல் செய்கிறது. என்னை மறக்கச் செய்யும் மருந்தை என் கையாலேயே கொடுத்துவிட்டு, மறந்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் ஏங்கியிருக்கிறேன்.

ஆசை தேவைதானா, நிறைவேற்ற வசதி உண்டா, நிறைவேறினால் விளைவு என்ன என்ற கேள்விகளை அதனிடம் கேட்டேன். நினைவில் இருக்க வேண்டும் என்ற பகுதியை அடித்துவிட்டு, பார்க்க வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது அறுவைக்கு மறுநாள் மாலை வார்டுக்குப் போய், வலி, குமட்டல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றை விசாரிக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு மூதாட்டி, "நீங்க யாரு தம்பி?" என்றார். சொன்னேன். "தூங்க வச்ச பிள்ளையா? நல்ல தூக்கம்ப்பா, இன்னிக்கும் வந்து அதையே போடேன்" என்றார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. தவத்தில் கிடைக்காத மகிழ்ச்சி இதில் கிடைத்தது. ஆனால் தவத்தில் அமர்ந்து பழகாமல் இருந்திருந்தால் அந்த வரியை எழுதும் பொறுமை எனக்கு வந்திருக்காது.

சினம் தவிர்த்தல் பயிற்சி பாதியில் நிற்கிறது. நான் கோபப்படும் ஆட்களின் பட்டியலில் எனக்குக் கீழே வேலை செய்பவர்களும் வீட்டாரும் மட்டுமே இருக்கிறார்கள் என்பதைக் கண்டு, மேற்கொண்டு எழுதத் தயங்குகிறேன்.

இடையில் கவலை ஒழித்தல் வகுப்பு தொடங்கிவிட்டது. அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட்டுத் தீர்க்க வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று சிக்கல்களை நான்காகப் பிரிக்க வேண்டும். நள்ளிரவு அவசர அழைப்புகளை இவற்றில் எதில் சேர்ப்பது என்று ஆசிரியரிடம் கேட்டேன். "முதல்ல போனை எடுங்க டாக்டர் ஐயா, திரும்பி வந்து எழுதிக்கலாம். வாழ்க வளமுடன்" என்றார்.