லொம்போக் போட்டதும் மேப்ஸ்ட்ரக்ட் அடம்பிடிக்கிறதா?

ஜாவா கிளாஸுக்கு கெட்டர், செட்டரை எழுதித் தருவது லொம்போக்; ஒரு கிளாஸின் மதிப்புகளை இன்னொரு கிளாஸுக்கு மாற்றும் கோடை எழுதித் தருவது மேப்ஸ்ட்ரக்ட். ஃபீல்டு கண்ணெதிரே இருக்கும். மேவன் பில்டில் மேப்ஸ்ட்ரக்ட் மட்டும் 'அன்னோன் ப்ராப்பர்ட்டி' என்று கத்தும். லொம்போக் கெட்டர், செட்டரை எழுதி முடிக்கும் முன்பே மேப்ஸ்ட்ரக்ட் கிளாஸைப் படித்துவிடுவதுதான் காரணம். லொம்போக் 1.18.16 முதல், இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் 'லொம்போக்-மேப்ஸ்ட்ரக்ட்-பைண்டிங்' 0.2.0 கூடவே வேண்டும்.

மேவன் கம்பைலர் ப்ளகினின் அனோட்டேஷன் ப்ராசசர் பாத்தில் (கம்பைல் நேரத்தில் கோடு எழுதும் இத்தகைய ப்ராசசர்களின் பட்டியல்) லொம்போக், பைண்டிங், மேப்ஸ்ட்ரக்ட் ப்ராசசர் மூன்றையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால், டிபெண்டன்சியில் கிடக்கும் மற்றதை ஜாவா கம்பைலர் திரும்பிக்கூடப் பார்க்காது. பலர் சறுக்குவது இங்கேதான். ஜேடிகே 23 முதல் ப்ராசசர்கள் தானாக ஓடுவதும் நின்றுவிட்டது. இந்தப் பாத் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

இன்னொன்று: லொம்போக்கின் பில்டர் (ஆப்ஜெக்டைப் படிப்படியாகக் கட்டித் தரும் வசதி) போட்ட கிளாஸில் லிஸ்ட் ஃபீல்டுக்கு 'நியூ அர்ரேலிஸ்ட்' என்று ஆரம்ப மதிப்பு கொடுத்தாலும், 'பில்டர்.டிஃபால்ட்' இல்லாவிட்டால் பில்டர் வழியாக 'நல்' (null, வெற்று மதிப்பு) தான் வரும். கம்பைலர் எச்சரிக்கும், அதை யார் படிக்கிறார்கள்!