எலும்பு மட்டும் கையில் வந்தது

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் குடியிருந்துகொண்டு பன்றி விலாவை ஸ்லோ குக்கர் என்ற மின்பானையில் மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கிறேன் என்று சொல்வது, மதுரைக்காரரிடம் பாக்கெட் பொடியில் ஜிகர்தண்டா கலக்கினேன் என்று சொல்வதற்குச் சமம். இங்கே பார்பிக்யூ என்றால் விறகுப் புகை. 1908 வாக்கில் ஹென்றி பெரி என்பவர் நகரத்தின் ஆடைத் தொழில் நடந்த பகுதியில் ஒரு சந்தில் நின்று, புகையில் வெந்த இறைச்சியைச் செய்தித்தாளில் மடித்து விற்கத் தொடங்கினார். ஊரின் புகழ்பெற்ற ஆர்தர் பிரயன்ட், கேட்ஸ் ஆகிய இரண்டு கடைகளின் வேரையும் தேடிப்போனால், அவரிடம் வேலை பழகியவர்களிடம்தான் போய் நிற்போம்.

எனக்கோ பால்கனியில் கரியடுப்பு வைக்க அனுமதியில்லை. வாடகை ஒப்பந்தத்தில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கையில் இருப்பவை ஆறு குவார்ட் ஸ்லோ குக்கர், ஓர் ஓவன், குளிர்காலத்துச் சனிக்கிழமைகள். கீழ் வீட்டுப் பெரியவர் மகள் வீட்டுத் தோட்டத்தில் புகையடுப்பு வைத்திருக்கிறார். பார்பிக்யூப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வந்தவர். அவருக்குத் தெரியாமல் முதல் முயற்சியை முடித்துவிட நினைத்தேன். வாசனை படியிறங்கிவிட்டது.

முதல் சனிக்கிழமை

பேபி பேக் என்று இங்கே விற்கும் விலாவை இரண்டு ரேக், அதாவது எலும்புகள் வரிசையாக இருக்கும் இரண்டு முழுத் துண்டுகள், வாங்கினேன். நான்கரை பவுண்டு. பெயரைப் பார்த்துக் குட்டிப் பன்றி என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. முதுகெலும்பை ஒட்டிய பகுதி என்பதால் எலும்புகள் குட்டையாக இருக்கின்றன, அவ்வளவுதான். வயிற்றுப் பக்கம் வருவது ஸ்பேர் ரிப்ஸ். அதன் நெஞ்செலும்பையும் குருத்தெலும்பையும் நறுக்கித் தள்ளி, நீள்சதுரமாகச் செதுக்கினால் செயின்ட் லூயிஸ் வெட்டு.

விலாவைப் படுக்கவைத்து, ஒரு பாட்டில் சாஸை முழுக்கக் கவிழ்த்து, அடிப்பிடித்துவிடுமோ என்ற நம் ஊர்ப் பயத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஊற்றி, ‘லோ’வில் எட்டு மணி நேரம் விட்டேன். மாலையில் மூடியைத் திறந்து ஓர் எலும்பைப் பிடித்துத் தூக்கினேன். எலும்பு மட்டும் வந்தது, கழுவி வைத்ததைப் போல வெள்ளையாக. சாஸ் ரசமாகியிருந்தது. எலும்புப் பக்கத்துச் சவ்வை நான் உரிக்கவில்லை. அது ஈரக் காகிதம்போலப் பல்லிடுக்கில் மாட்டியது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “கிண்ணம் எடுத்து வரட்டுமா?” என்று கேட்டார். மீதியை உதிர்த்து இரண்டு நாள் ரொட்டிக்குள் வைத்துத் தீர்த்தோம்.

பெரியவர் சுவைத்துப் பார்த்து, நான் பெருமையாக நினைத்த ஒன்றையே குற்றமாகச் சொன்னார். எலும்பைவிட்டு இறைச்சி தானாகக் கழன்றால் போட்டியில் அது பதம் தப்பியதாம். கடித்த இடத்தில் பல் தடம் தெளிவாக நிற்க வேண்டும். கடிக்காத இடத்தில் இறைச்சி எலும்போடு ஒட்டியே இருக்க வேண்டும். பதம் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கையை அசைத்துக் காட்டியது, பாகு பார்க்கும் என் அத்தையின் விரலசைவேதான்.

ஏன் குழைந்தது

அந்த வாரம் முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பன்றி இறைச்சி பாதுகாப்பாக வேக 145 டிகிரி ஃபாரன்ஹீட்டும் மூன்று நிமிட ஓய்வும் போதும். விலாவுக்கு அது காணாது. அதிலுள்ள கொலாஜன் என்ற இணைப்புத் திசு 160-ஐத் தாண்டிய பிறகுதான் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறத் தொடங்கும். 195 முதல் 203 வரை போனால்தான் பல்லுக்கு மெத்தென்று இருக்கும். புகையடுப்பில் 225 டிகிரிக் காற்று சுற்றும்போது இறைச்சியின் மேற்பரப்பு உலர்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பதைப்போல அந்த ஆவியாதல் இறைச்சியைக் குளிர்விப்பதால், வெப்பநிலை நடுவில் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். மூடிய பானையில் ஆவி எங்கே போகும்? மூடியில் மோதி, நீராகி, மறுபடி இறைச்சியின் மேலேயே விழுகிறது. தடை ஏதுமில்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகிறது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ‘லோ’ என்றால் குறைந்த வெப்பம் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் ‘லோ’வும் ‘ஹை’யும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன, வந்துசேரும் நேரம்தான் வேறு. எட்டு மணி நேரம் விட்டது என் குற்றம், பானையின் குற்றமில்லை.

பானையின் கதையும் சுவையானது. இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில், யூதர்களின் ஓய்வு நாளில் அடுப்பைத் தொடக்கூடாது என்பதால், முந்தைய மாலையே பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையை ரொட்டிச் சூளைக்கு அனுப்பி, அணையும் சூட்டில் இரவெல்லாம் வேகவிடுவார்களாம். வீட்டில் தாய் சொல்லிக் கேட்ட அந்தக் கதைதான் அவருக்கு விதை. அவருடைய நிறுவனத்தை வாங்கிய ரைவல் நிறுவனம் 1971-இல் இதைக் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆக, இது பிறந்ததே அடுப்பைத் தொட முடியாதவர்களின் சமையலிலிருந்து. நான் தொட முடியாதது கரியடுப்பு. அந்தப் பானையில் யூத மரபு விலக்கும் பன்றியை நான் வேகவைக்கிறேன் என்பது வேறு விஷயம். நாக்ஸனின் அம்மா மன்னிக்கட்டும்.

இரண்டாவது, மூன்றாவது

இரண்டாவது முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: உப்பு. சமையல் குறிப்பில் இரண்டு மேசைக்கரண்டி கோஷர் உப்பு என்றிருந்தது. நான் சாதாரணத் தூள் உப்பை அதே கரண்டியால் அளந்தேன். கோஷர் உப்பின் பரல்கள் பெரியவை, இடைவெளி அதிகம். சில வகைகளில் ஒரு கரண்டியின் எடை தூள் உப்பில் பாதிதான் இருக்கும். போதாக்குறைக்கு அந்த இறைச்சியில் ஏற்கெனவே உப்புக் கரைசல் ஏற்றியிருந்ததை உறையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நாங்கள் அன்று இரவு முட்டை சாப்பிட்டோம். ஆனால் சவ்வு உரிக்கப் பழகிவிட்டேன். எலும்பின் மேல் கத்தியின் மழுங்கிய முனையை நுழைத்து ஓரத்தைக் கிளப்பி, காகிதத் துண்டால் பற்றி இழுத்தால் ஒரே உரியாக வந்துவிடுகிறது. வெறும் விரலுக்கு வழுக்கும்.

மூன்றாவது முறை செயின்ட் லூயிஸ் வெட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆறரை மணி நேரம். ஆவலில் மூன்று முறை மூடியைத் திறந்தேன். திறக்கும்போதெல்லாம் சேர்த்து வைத்த ஆவி போய்விடும். அதை மீட்கக் குக்கருக்கு இருபது நிமிடமாவது ஆகும். சூடு பக்கச் சுவர்களிலிருந்து வருவதால் சுவரை ஒட்டியவை வெந்தன, நடுவில் சுருண்டிருந்த துண்டு ரப்பராக இழுத்தது.

அதைவிடப் பெரிய கூத்து ஓவனில் நடந்தது. ஈரத்தில் வெந்த இறைச்சி சிவந்து முறுகாது. அதனால் சாஸ் பூசி, பிராய்லரில் வைக்க வேண்டும். (கோழியில்லை, ஓவனின் மேற்பக்கக் கம்பி மட்டும் பழுத்து எரியும் அமைப்புக்கு இங்கே அந்தப் பெயர்.) கான்சஸ் சிட்டி சாஸ் தக்காளியும் மொலாசஸ் என்ற கருஞ்சர்க்கரைப் பாகும் சேர்ந்தது, அவ்வளவு இனிப்பு அந்தத் தணலுக்கு நான்கு நிமிடம்கூடத் தாங்காது. ஊரிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்புவதற்குள் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. என் ரிப்ஸில் புகையே இல்லை என்று குறைசொன்ன பெரியவர், வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, “முன்னேற்றம்தான்” என்றார்.

நான்காவது

மறுபடி பேபி பேக். இரண்டு ரேக்கையும் பாதியாக வெட்டினேன். மசாலாப் பொடி: நாட்டுச் சர்க்கரையின் நிறத்தில் உள்ள பிரவுன் சுகர் மூன்று மேசைக்கரண்டி, பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்த் தூள் இரண்டு, பூண்டுத் தூளும் வெங்காயத் தூளும் ஒவ்வொன்று, கடுகுத் தூள் ஒரு தேக்கரண்டி, தூள் உப்பு இரண்டு தேக்கரண்டி. மிளகை மட்டும் பெரியவரின் அளவைவிட இரண்டு மடங்கு போட்டேன்; அதில் நான் யார் சொல்லையும் கேட்பதில்லை. இரவு முழுவதும் குளிர்பெட்டியில் ஊறியது.

அடியில் தடிமனாக வெட்டிய வெங்காயம். துண்டுகளைப் படுக்கவைக்காமல் சுவரைச் சுற்றி நிற்கவைத்தேன், சதைப் பக்கம் சுவரைப் பார்க்க. தண்ணீர் இல்லை. ஐந்து மணி நேரம் மூடியைத் தொடவில்லை. பிறகு இடுக்கியால் ஒரு துண்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். வளைந்தது, சதையின் மேல் மெல்லிய விரிசல் விட்டது, உடையவில்லை. எலும்பில் முட்டாமல் நடுச்சதையில் குத்திய வெப்பமானி 196 காட்டியது. தட்டில் கால் மணி நேரம் ஆறவிட்டேன். சூட்டோடு தூக்கினால் கைக்கு வந்த பதம் நழுவிவிடும்.

அடியில் ஒன்றரைக் கோப்பைச் சாறு இருந்தது. தண்ணீர் ஊற்றாமலேயே அவ்வளவு. முதல் முறை இதைத்தான் கொட்டினேன் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வடிகட்டி, மிதந்த கொழுப்பை வழித்தெடுத்து, பாதியாகச் சுண்டவிட்டேன். பிறகு ஒரு கோப்பைக் கெச்சப், கால் கோப்பை ஆப்பிள் வினிகர், இரண்டு மேசைக்கரண்டி மொலாசஸ், கடைசியில் அரைத் தேக்கரண்டி திரவப் புகை. இந்தத் திரவத்தைப் பற்றிப் பெரியவர் முகம் சுளிப்பார். ஆனால் விறகுப் புகையைக் குளிர்வித்துத் திரட்டி 1895-இல் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கிய எர்னஸ்ட் ரைட் இதே கான்சஸ் சிட்டிக்காரர். உள்ளூர்ச் சரக்குதான்.

ஓவனில் கம்பியிலிருந்து ஆறு அங்குலம் கீழே வைத்து, மூன்று நிமிடம், இன்னொரு பூச்சு, இரண்டு நிமிடம். போனை அணைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவின் முன் உட்கார்ந்திருந்தேன். குமிழ்கள் எழுந்து ஓரங்கள் கறுத்த நொடியில் வெளியே எடுத்தேன்.

இரண்டு எலும்புகளைத் தட்டில் வைத்துக் கீழ் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியவர் கடித்தார், கடித்த இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல் தடம் பிறை வடிவில் நின்றிருந்தது. “பார்பிக்யூ இல்லை” என்றார் முதலில். அடுத்த எலும்பைக் கையிலெடுத்து, அது எந்தத் துண்டிலிருந்து வந்தது என்று விசாரித்தார். தடித்த முனை என்றேன். அது மேல்நோக்கி நின்றதா, கீழ்நோக்கியா? மேல்நோக்கி. “அங்கேதான் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது. அடுத்த முறை தலைகீழாக நிறுத்துங்கள், கால் மணி நேரம் கூட்டுங்கள்.”

இரண்டு ரேக் உறைநிலைப் பெட்டியில் இருக்கின்றன. உறைந்தபடியே குக்கரில் போடக் கூடாது என்பதால், வியாழன் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும்.