என் மகளைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்த்த கதை

போன ஜூனில் என் மகளை அரசு காது கேளாதோர் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்தேன். அலைச்சல் என்னவோ இரண்டு மாதம்தான். மனசு ஒப்பத்தான் வருடக்கணக்கில் ஆனது.

ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தாள். படித்தாள் என்பது பேச்சுக்கு. எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் வருடா வருடம் அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போர்டில் இருப்பதை அப்படியே நோட்டில் இறக்கிவிடுவாள், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. வட்டார வள மையத்திலிருந்து அவ்வப்போது வரும் சிறப்பு ஆசிரியர்தான் முகத்துக்கு நேரே சொன்னார்: "இவளுக்கு மொழின்னே ஒண்ணு இன்னும் வரலைம்மா. இவளை மாதிரிப் பிள்ளைங்க இருக்கற இடத்துல கொண்டுபோய் விடுங்க."

காதுக்குள் கருவி வைக்கும் காக்ளியர் ஆபரேஷன் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். ஆனால் 6 வயதுக்குள் செய்ய வேண்டும். எங்களுக்கு விவரம் தெரிந்தபோது அவளுக்கு ஏழு முடிந்திருந்தது. அதை இப்போது பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதல் வேலை மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். அரசு மருத்துவமனைக்கு முதல் தடவை போனபோது, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுக்கும் ஆள் லீவு. இரண்டாம் தடவை எடுத்தார்கள், காதிலிருந்து மூளைக்குச் சத்தம் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 2016 சட்டப்படி காது கேளாதவர். இவளுக்கு 90ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை. விண்ணப்பம் பதிந்துகொடுத்த பையன் இனிஷியலை முன்னால் போட்டுவிட்டான், ஆதாரில் அது பின்னால். அந்த ஒற்றை எழுத்துக்காக மூன்று நடை நடந்தேன். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

டிசி கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எமிஸ் என்ற கல்வித்துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும் என்பது அப்போது தெரியாது. இன்று, நாளை என்று பதினோரு நாள் இழுத்தார்கள். ஏன் என்று பிறகு புரிந்தது. அந்தப் பழைய பள்ளியில் பிள்ளைகள் குறைவு. ஒரு தலை குறைந்தால் ஆசிரியர் பணியிடத்துக்கு ஆபத்து.

புதிய பள்ளியின் வாசலிலேயே பெரிய ஃப்ளெக்ஸ்: பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி. எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டேன். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "நாலு பேரும்மா. அதுக்கு முந்தின வருஷம் மூணு பேர் எழுதி ஒருத்தி ஃபெயில் ஆயிட்டா. உடனே 67 சதவீதம், மேலேருந்து விளக்கம் கேட்டாங்க." இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு உண்டு, ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள். அதனால் பாஸ் ஆவதை மட்டும் பார்க்காதீர்கள் என்று அவரே சொன்னார். வேறு எதைப் பார்ப்பது?

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, ஒரு படத்தைக் காட்டி, எழுது என்று சைகை செய்தார். அவள் யோசித்து யோசித்து எழுதினாள்: மழை வந்தது. ஆடு நனைந்தது. தாத்தா குடை. "மூணு வருஷம் முன்னாடி வந்தப்ப பேரை மட்டும்தான் எழுதுவா. இதுதான் எங்க ரிசல்ட்" என்றார். குடைக்கு அப்புறம் வினைச்சொல் இல்லைதான். ஆனால் அந்த வரிகளை அவள் எதையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

பள்ளியில் மொத்தம் 43 பிள்ளைகள். ஹாஸ்டலில் பாதி அறை பூட்டிக் கிடக்கிறது. சின்ன வயதிலேயே ஆபரேஷன் ஆகிறவர்கள் சாதாரணப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். நல்ல விஷயம்தானே என்றேன். நல்லதுதான், ஆனால் எங்களிடம் வருவது உங்கள் மகள் மாதிரித் தாமதமாகத் தெரிந்த பிள்ளைகளும், ஆபரேஷன் ஆகியும் பேச்சுப் பயிற்சிக்குப் போகாமல் கருவியைக் கழற்றி வைத்தவர்களும்தான் என்றார். அப்படி வருகிறவர்களை வைத்து எடுக்கும் மார்க்கை மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டுத் திட்டு வாங்குவது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதிவேட்டில் இவள் ஆறாவது. தமிழ் வாசிக்க மட்டும் மூன்றாம் வகுப்போடு உட்கார்கிறாள். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது, அவளுக்கு இல்லை. அரையாண்டில் கணக்கு 71, தமிழ் 28.

சைகையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பாதி ஆசிரியர்கள், மீதி ஹாஸ்டல் அக்காக்கள். காலாண்டு விடுமுறைக்கு வந்தவள் அடுப்படியில் என் முன்னால் நின்று அரை மணி நேரம் கையை ஆட்டினாள். யாரோ யாருடைய சோப்பையோ எடுத்து, இல்லை என்று சாதித்து, வார்டனிடம் மாட்டிக்கொண்ட கதை. பாதிதான் புரிந்தது. என் மகள் புறணி பேசுகிறாள்! பதினோரு வருடத்தில் பசி, வலி, வேண்டும், வேண்டாம் தவிர அவள் எனக்கு எதையும் சொன்னதில்லை.

ஒவ்வொரு முறை போகும்போதும் தலைமையாசிரியை, உங்க ஊர்ப் பக்கம் வேறு பிள்ளை இருக்கா என்று கேட்பார். பக்கத்து ஊரில் ஒன்பது வயதில் ஒரு பையன் இருக்கிறான். ஹாஸ்டலில் விட மாட்டேன் என்று அவன் அம்மா பிடிவாதமாக இருந்தாள், நான் இருந்த மாதிரியே. வருகிற திங்கள்கிழமை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போகிறேன். ஆதாரில் இனிஷியல் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவைத்துவிட்டேன்.