கெட்டிலில் சிட்ரிக் ஆசிட்: உப்பு போச்சு, மாவு வந்துச்சு

கெட்டில் அடியில் பிடித்திருந்த பழுப்பு உப்புப் படிவு ஒருவழியாகக் கரைந்துவிட்டது. அதே இடத்தில் இப்போது வெள்ளை மாவு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அலசினால் கலங்குகிறது, கொட்டினால் பாதி போகிறது, மிச்சம் மூலையில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், கொதி வந்ததும் நிறுத்தி ராத்திரி முழுக்க ஊறல். பாக்கெட்டில் போட்டிருக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான் என்பதுதான் எரிச்சல்.

மாவு பழைய உப்பின் மிச்சம் இல்லை. அந்தப் பழுப்புப் படிவில் இருந்த கால்சியம் கார்பனேட் ஆசிடில் கரைந்து, கால்சியம் சிட்ரேட்டாகத் திரும்பப் படிந்திருக்கிறது. அந்தச் சிட்ரேட் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் கரையும். சூடு ஏறினால் அதுவும் குறையும். கரைசலில் ஆசிட் மிச்சம் இருக்கும்வரை கால்சியம் பெரும்பாலும் கரைந்தே கிடக்கும். ஆசிட் தீரத் தீர பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் ஆசிட் அதிகம்) ஏறும், மாவு இறங்கும். ஆக, கொதிக்கவிடுவது, நெடுநேரம் ஊறவிடுவது, ஒரே கரைசலிலேயே முழுப் படிவையும் முடிக்கப் பார்ப்பது, இந்த மூன்றும்தான் வில்லங்கம்.

சரியாக வருகிற முறை: லிட்டருக்கு 20 கிராம், கை பொறுக்கும் சூடு (40 டிகிரி போதும்), 20 முதல் 30 நிமிடம். நுரைப்பு அடங்கினால் இரண்டில் ஒன்று: படிவு தீர்ந்திருக்கும், அல்லது ஆசிட் தீர்ந்திருக்கும். எதுவானாலும் உடனே கொட்டிவிட வேண்டும். படிவு மிச்சமிருந்தால் புதுக் கரைசல். பிஎச் தாள் கையில் இருந்தால் இன்னும் எளிது. புதுக் கரைசல் 2 பக்கம் காட்டும், 4 நெருங்கினால் அதன் கதை முடிந்தது. கணக்குப்படி 20 கிராம் ஆசிட் 15 கிராம் படிவைத் தீர்க்கலாம். அந்தக் கணக்கை நம்பக் கூடாது, பாதிக்கு மேல் போனால் மாவுதான். ஏற்கெனவே படிந்த மாவுக்கும் இதே புதுக் கரைசல்தான் மருந்து: ஆறியதாக, ஆசிட் தாராளமாக, மெல்லிய பிரஷ்ஷால் கலக்கிவிட்டு உடனே கொட்டுவது.

வினிகரில் மாவுத் தொல்லை கிடையாது, கால்சியம் அசிடேட் நன்றாகக் கரையும். ஆனால் 5 சதவீத வினிகர் 100 மில்லி நாலு கிராம் படிவுக்குத்தான் ஈடுகொடுக்கும். அந்த நெடி வேறு. சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்துப் பொங்கவிடும் வீடியோக்களைப் பற்றி என்ன சொல்ல! ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

படிவின் மேல் ஒரு சொட்டு விட்டும் நுரைக்கவே இல்லை என்றால் அது கார்பனேட் இல்லை, ஜிப்சமோ (கால்சியம் சல்பேட்) சிலிக்காவோ இருக்கலாம். அங்கே ஆசிடைக் கூட்டிப் பயனில்லை.

இங்கே ஆளைக் கொல்லக்கூடியது ஒன்றுதான்: பிளீச். எந்த ஆசிடோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறைப் பீங்கானில் முதலில் பிளீச் ஊற்றியிருந்தால் நன்றாகத் தண்ணீர் விட்டு அடித்து, அன்றைக்கு ஆசிடைத் தொடாமல் இருப்பதே உத்தமம். நுரையில் வருவது கார்பன் டை ஆக்சைடு, ஆகவே படிவோடு ஆசிட் ஊறும் பாட்டிலை இறுக மூடக் கூடாது, வெடிக்கும். ஸ்பிரே வேண்டாம், துளி மூச்சில் போய் தொண்டையை எரிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மார்பிள், மொசைக் தரைப் பக்கம் கொட்டினால் பளபளப்பு போய்விடும்.

வாங்கும்போது நீரற்ற சிட்ரிக் ஆசிட், உணவுத் தரம் என்று லேபிளில் இருக்கிறதா பார்க்கவும். ஒற்றை நீர் மூலக்கூறு உள்ள வகை என்றால் 10 சதவீதம் கூடுதலாகப் போட வேண்டும். லேபிளே இல்லாத பொட்டலம் வேண்டாம்.

அடுத்து ஷவர் ஹெட்டுக்கு சல்பாமிக் ஆசிட். கால்சியம் சல்பாமேட் நன்றாகக் கரைவதால் மாவு பயமில்லை. ஆனால் இது வலுவான ஆசிட், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சூடான தண்ணீரில் நெடுநேரம் வைத்தால் உடைந்து சல்பேட்டாகி, ஜிப்சமாகப் படியத் தொடங்கும். அதனால் பச்சைத் தண்ணீரில்தான். குரோம் பூச்சு கவலை தருகிறது, ரப்பர் வாஷரைக் கழற்றிவிட்டு பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடுவதாக இல்லை. கெட்டில் மூலையில் இன்னும் கொஞ்சம் மாவு பாக்கி இருக்கிறது.